சப்பாத்துக் கழுவிய தண்ணீர்

யன்னல் இல்லாத அறைக்குள் பதினொரு வருடம் வேலை செய்தால் மனிதருக்கு என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், "ஒண்டும் ஆகாது, மழை பெய்தது மட்டும் தெரியாது" என்று கிறேஸ் சிரிப்பாள். கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்த அறை. நடுவில், ஆளைவிட உயரமாக, இலத்திரன் நுணுக்குக்காட்டி நின்றது. யாரோ வெளிநாட்டுக்காரர் பாவித்து முடித்து, தூக்கிப் போட மனம் வராமல், நன்கொடை என்று பெயர் வைத்து அனுப்பிய இயந்திரம். அதன் குணம் தெரிந்து அதைக் கட்டி மேய்க்கக் கூடியவள் அந்தக் கட்டடத்தில் கிறேஸ் ஒருத்திதான். முல்லைத்தீவுக் கடற்கரையில் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்த யாக்கோப்புச் சம்மாட்டியின் மகள் அவள். சின்னதில் வலை பொத்திப் பழகிய கை என்பதால்தான் தலைமயிரைவிட மெல்லிய சீவலையும் கிழியாமல் பிடிக்கிறது என்று விரிவுரையாளர் நிறஞ்சனா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இயந்திரத்துக்குள் போக இருந்தது நெடுங்கேணிப் பக்கத்துக் கூழாவடிக்குளத்துத் தவளை. முழுத் தவளை அல்ல. ஈரலில் கடுகளவு துண்டு எடுத்து, பிசினுக்குள் வைத்து இறுக்கி, வைரக் கத்தியால் சீவி, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதான செப்பு வலையில் ஏற்றியிருந்தாள். எல்லாமாக ஒன்பது நாள் வேலை. வேறு நேரமென்றால் அந்த ஒன்பது நாளை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இந்த முறை ஒவ்வொரு நாளையும் ஒரு மனிதர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் பக்கீர். கூழாவடிக்குளத்தின் கீழே இரண்டு ஏக்கர் வயல் செய்கிறவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு வெளியேறி, புத்தளத்தில் இருபத்தைந்து வருடம் இருந்து, வயது போன பிறகு மனைவி ஜொஹறாவோடு திரும்பி வந்தவர். பற்றையாகக் கிடந்த வயலை வெட்டித் துப்புரவாக்கி, மாரிமழைக்கு விதைத்த இந்தக் காலபோகம்தான் மனதுக்குப் பிடித்த மாதிரி விளைந்தது. கதிர் முற்றுகிற நேரத்தில் குளத்துத் தவளைகள் சாகத் தொடங்கின. வாலோடு திரியும் குஞ்சுகள் முதலில் வயிறு வீங்கி மிதந்தன. பிறகு பெரிய தவளைகள் தோலில் சிவப்புச் சிவப்பாகப் புண் வந்து கரையில் ஒதுங்கின. அதற்கு முதல் கிழமை பக்கீர் வயலுக்குப் பூச்சிமருந்து அடித்ததும், அடித்து முடித்துக் குளத்தில் கை கழுவியதும் நாலு பேர் கண்டதுதான். அது போதாதா? முதுகில் கட்டி மருந்து அடிக்கும் ராங்கியையே குளத்தில் கழுவிவிட்டார் என்று கதை எழும்பியது. இரண்டு நாளில் அந்தக் கதை ஊர் முழுக்கச் சுற்றி, ராங்கி இரண்டு ராங்கியாகி, கழுவினது ஊற்றினதாகிவிட்டது.

அடுத்த விதைப்பான சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டம் வியாழக்கிழமை. அதில் பக்கீரின் பெயரை வயல் செய்கிறவர்களின் கமக்காரர் அமைப்பிலிருந்து வெட்டுவது என்று தலைவர் ஏரம்பு சொல்லியாகிவிட்டது. பெயர் வெட்டினால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத வயலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்? திரும்பவும் புத்தளத்துக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பக்கீர் அழுது புலம்புகிற ஆள் இல்லை. செத்த தவளை ஆறையும் சாகக் கிடந்த தவளை இரண்டையும் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ் போட்டு அடுக்கி, புளியங்குளத்தில் பஸ் மாறி, கிளிநொச்சியில் வந்து இறங்கிவிட்டார். பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண் பெட்டியைப் பார்த்து, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில், "என்ன நானா, பேரப்பிள்ளையளுக்கோ?" என்று கேட்டாளாம். ஓம் என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

"மிஸ், அண்டைக்கு எங்கட குளத்துக்கு வந்து தவளை பிடிச்சனீங்கள்தானே. உங்களிட்ட ஏதோ பெரிய மெசின் இருக்கெண்டு சொன்னியள். இதைப் போட்டுப் பாத்துச் சொல்லுங்கோ. நஞ்செண்டால் நஞ்செண்டு சொல்லுங்கோ. நான் செய்யேல்லை. அது எனக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரிய வேணும்."

கிறேஸ் அந்தப் பெட்டியை வாங்கியபோது அவளுக்கு அவர்மேல் இரக்கம் மட்டும்தான் இருந்தது. வேறொன்றும் அவள் மனதில் வரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குச் செப்பு வலையை இயந்திரத்துக்குள் தள்ளினாள். உள்ளே காற்றுத் துளியும் இருக்கக் கூடாது; பம்பி இழுத்து முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விளக்கை அணைத்தாள். பச்சைத் திரையில் ஈரல் விரிந்தது. கலங்கள் பல இடிந்து கிடந்தன. இடிவுக்கு நடுவே ஒரு கலத்தைப் பெருப்பித்தாள். இன்னும் பெருப்பித்தாள். அங்கே இருந்தன.

ஆறு மூலை. ஒவ்வொன்றும் அளந்து வெட்டியது போல ஆறு மூலை. சில தனித்தனியே சிதறிக் கிடந்தன. சில இடங்களில் தேன்வதை போல நிரை பிடித்து, ஒன்றின் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு, கலத்துக்குள் வேறு எதற்கும் இடம் விடாமல் அடைந்து நின்றன. தவளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வைரஸ். நஞ்சு குடித்துச் செத்த தவளையின் ஈரலில் இப்படி ஒன்று நிரை பிடித்து நிற்காது.

கிறேஸ் இருட்டுக்குள் தனியே கை தட்டினாள். உண்மையாகவே தட்டினாள். "நானா, தப்பிவிட்டீங்கள்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோசம்.

படத்தைப் பதிந்து, பெயர் கொடுக்கப் போனாள். அங்கேதான் வினை பிடித்தது. படங்களைச் சேர்த்து வைக்கும் கோவையில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. பெப்ரவரித் தொடக்கத்தில் அவளே எடுத்தது. அதே ஆறு மூலை, அதே நிரை. மல்லாவிப் பக்கத்துக் குளமொன்றில் நோய்ப்பட்டுக் கிடந்த தவளையின் ஈரல். புதுப் படத்துக்கு ஒப்பிட ஒன்று இருக்கிறதே என்று முதலில் மகிழ்ந்துதான் போனாள். மல்லாவிக்கு என்றைக்குப் போனோம் என்று பார்க்க வெளிவேலைக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாள்.

ஜனவரி இருபத்துநாலு. காலை, மல்லாவி. பின்னேரம், கூழாவடிக்குளம், நெடுங்கேணி. வலையும் சப்பாத்தும் கழுவப்பட்டனவா? ஆம். கீழே கிறேஸின் சின்னக் கையெழுத்து.

அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

கழுவியது உண்மைதான். எங்கே கழுவினாள் என்பதுதான் கேள்வி, அந்தப் படிவத்தில் அதற்கு இடம் விடவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மல்லாவியில் முழங்கால் சேற்றில் நின்று தவளை பிடித்துவிட்டு, சாரதி ரஜிதனோடு ஆய்வுகூடத்து வானில் நேரே நெடுங்கேணிக்கு வந்தாள். ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும் முன் வலையையும் றப்பர் சப்பாத்தையும் குளோரின் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும் என்பது சட்டம். ஒரு குளத்து நோய் அடுத்த குளத்துக்குப் போகாமல் இருக்கத்தான் அந்தச் சட்டம். குளோரின் போத்தல் வானில் இருந்தது. கலக்கத் தண்ணீர்தான் இல்லை; கொண்டு வந்த கான், வழியில் எங்கோ மூடி கழன்று ஊற்றுப்பட்டுவிட்டது. குளத்தடியில் முதல் வீடு பக்கீரின் வீடு. படலையைத் தட்டினார்கள்.

ஜொஹறா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. பிறகு கிறேஸின் சப்பாத்தில் காய்ந்த சேற்றைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தா.

"இந்தாங்கோ தங்கச்சி, கழுவுங்கோ."

"ஐயோ, வேண்டாம் அக்கா."

கிறேஸுக்கு அந்த வீட்டு நிலைமை கண்ணில் பட்டிருந்தது. வளவுக் கிணறு தூர்ந்து கிடந்தது, சண்டைக் காலத்தில் இடிந்தது, இன்னும் தோண்டவில்லை. ஜொஹறா அரை மைல் தள்ளிப் பொதுக் கிணற்றில் அள்ளி, சைக்கிள் கரியரில் கான் கட்டித் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் அது. அதில் போய்ச் சேற்றுச் சப்பாத்தைக் கழுவுவதா? அதிலும் குளோரின் வேறு கலந்து, அந்த மனுசியின் முற்றத்தில் ஊற்றுவதா?

"பரவாயில்லை, கழுவுங்கோ" என்று ஜொஹறா இரண்டாம் தரமும் சொன்னா. மூன்றாம் தரமும் சொன்னா.

எங்கள் சனத்தின் மரியாதை இருக்கிறதே, அது ஒரு தனி வியாதி. பசித்தாலும் வேண்டாம் என்போம், தாகித்தாலும் வேண்டாம் என்போம். தருகிறவர் மூன்று தரம் கேட்டு, நாங்கள் மூன்று தரம் மறுத்து, அப்படித்தான் நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்கிறோம். கிறேஸ் நல்ல பிள்ளையாக நடந்தாள். "அங்க இவ்வளவு பெரிய குளம் கிடக்கு, அதில கழுவுறன் அக்கா" என்று சிரித்துக்கொண்டு எழும்பினாள். குளத்துப் படியில் குந்தியிருந்து, மல்லாவிச் சேறு முழுவதையும், தையல் மடிப்புக்குள் இருந்ததைக் கூட விரல் விட்டு, கவனமாகக் கழுவினாள். வலையை மூன்று தரம் அலசினாள். அலசும்போது இரண்டு தவளைக்குஞ்சு அவளது விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடின. வடிவாய் இருக்குதுகள் என்று அவள் ரஜிதனுக்குக் காட்டினாள்.

இப்போது அந்த அறைக்குள், பச்சைத் திரைக்கு முன்னால், அவளுக்கு மூச்சு முட்டியது. பதினொரு வருடத்தில் முதல் தரமாக அந்த அறைக்கு ஒரு யன்னல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

நிறஞ்சனா மேடம் வந்து படத்தைப் பார்த்துத் துள்ளினார். கிறேஸ் குறிப்புப் புத்தகத்தை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"கிறேஸ், நீங்கள் சொல்லுறது ஒரு ஊகம். படத்தில உருவம்தான் தெரியும். மல்லாவி வைரசும் இதுவும் ஒண்டுதானெண்டு இந்த மெசினால சொல்ல ஏலாது. கொக்கு கொண்டு வந்திருக்கலாம். மாடு குளிப்பாட்டுற ஆக்கள் கொண்டு வந்திருக்கலாம்."

"நான் கொண்டு வந்திருக்கலாம் மேடம்."

"இருக்கலாம். ஆனா அதைச் சொல்லி ஆருக்கு என்ன லாபம்? அந்த மனுசன் நஞ்சு போடேல்லை எண்டது படத்திலயே இருக்கு. படத்தைக் குடுப்பம், அவர் தப்பிவிடுவார். உங்கட நிரந்தர நியமனம் இந்த மாதம் வருது. இதைச் சொன்னால் அதுவும் போகும், இந்த ஆய்வும் நிண்டு போகும். அறிக்கையில கையெழுத்து விழும்வரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ."

மேடம் கெட்டவர் அல்ல. சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் பெரிய கரைச்சல். பொய்யென்றால் கிறேஸ் சண்டை பிடித்திருப்பாள். ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருந்ததால் அவளுக்கு வெளியே வர வழி தெரியவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்குப் பக்கீர் தொலைபேசியில் அழைத்தார்.

"மிஸ், ஏதும் தெரிஞ்சுதோ?"

சொல்லியிருக்கலாம். நஞ்சில்லை நானா, நிம்மதியாய் இருங்கோ என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் அடுத்ததாக, அப்ப என்ன மிஸ் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் அடுத்தது எப்படி வந்தது என்று கேட்பார். கிறேஸுக்குத் தன் வாயில் நம்பிக்கை இல்லை.

"இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறன் நானா."

"சரி மிஸ். ஆறுதலாப் பாருங்கோ. நல்லாப் பாருங்கோ" என்று அவர் மரியாதையாக வைத்துவிட்டார். அவள் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பகல் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

வியாழக்கிழமை கமக்காரர் அமைப்புக் கட்டடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். வந்தவர்களுக்கு மரியாதை என்று நிறஞ்சனாவுக்கும் கிறேஸுக்கும் முன்வரிசையில், சுவருக்கும் நீள மேசைக்கும் நடுவே கதிரை போட்டார்கள். உள்ளே போய் இருந்தபிறகு மேசையைத் தள்ளிச் சுவரோடு நெருக்கினார்கள். இனி யாராவது மேசையை இழுத்தால்தான் எழும்பி வெளியே போகலாம். பக்கீர் பின்கதவடியில் நின்றார். வெள்ளைச் சாரமும் தேய்த்த சேட்டும் போட்டு, பெருநாளுக்கு வந்தவர் போல வந்திருந்தார். கிறேஸைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தார். அவள் குனிந்து கைப்பையைத் திறந்து ஒன்றையும் தேடாமல் தேடினாள். உள்ளே குறிப்புப் புத்தகம் இருந்தது. அதை ஏன் கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மேடம் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார். அது கைக்குக் கை போனது. "தேன்வதை மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் ஒருவர்.

"இது வைரஸ்," என்றார் மேடம். "தவளையளுக்கு வாற நோய். உங்களுக்கு வராது, மாட்டுக்கு வராது, பயப்பிடாதேங்கோ. இந்தத் தவளையள் நஞ்சால சாகேல்லை. பக்கீர் ஐயாவில பிழை இல்லை."

பின்கதவடியிலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு குரல் கேட்டது. கிறேஸ் மூச்சு விட்டாள். மேடம் சொன்னது சரிதான், படம் போதும், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள். அந்த நிம்மதி அரை நிமிடம் இருந்திருக்கும்.

ஏரம்பு எழும்பினார். அறுபது வயது, கட்டுமஸ்தான ஆள். குளக்கட்டு உடைந்த வருடம் இரண்டு பகல் இடுப்புத் தண்ணீரில் நின்று மண்மூடை அடுக்கியவர். அந்தக் குளம் தன் பிள்ளை மாதிரி அவருக்கு.

"சரி மேடம். நஞ்சில்லை, நோய். நீங்கள் படிச்சனீங்கள், நாங்கள் நம்புறம். அப்ப இந்த நோய் எங்க இருந்து வந்தது? என்ர அப்பாவின்ர காலத்திலயிருந்து இந்தக் குளத்தில தவளை செத்ததை ஒருத்தரும் காணேல்லை."

"அது... உறுதியாச் சொல்ல ஏலாது" என்றார் மேடம்.

"வைரஸ் தானா முளைக்காதுதானே? கொரோனாவும் ஆரோ கொண்டு வந்துதானே எங்களுக்கு வந்தது."

"புத்தளத்தில இருந்து மீன்குஞ்சு கொண்டு வந்து வளவுக்குட்டையில விட்டது ஆர்?" என்று நடுவிலிருந்து ஒரு குரல். "போன வருசம். நான் கண்ணால கண்டனான்."

அறை திரும்பியது. அறுபது தலையும் பின்கதவை நோக்கித் திரும்பின. பக்கீரின் முகத்தில் அந்த நிம்மதிச் சிரிப்பு இன்னும் போகவில்லை; அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றார்.

"மீன்குஞ்சு உண்மைதான்," என்றார் மெதுவாக. "ஆனா அது அரசாங்கப் பண்ணையில..."

"அப்ப கொண்டு வந்தது உண்மை!"

கிறேஸ் மேடத்தைப் பார்த்தாள். மேடம் தன் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரைக் காப்பாற்றவென்று ஒன்பது நாள் உட்கார்ந்து செய்த படம், இப்போது அவர் கழுத்தை நெரிக்க ஊருக்குக் கொடுத்த கயிறாகிவிட்டது. நஞ்சென்றால் இல்லையென்று மறுக்கவாவது ஓர் இடம் இருந்தது. நோய் என்றால் வெளியிலிருந்து வந்தவர்தானே கொண்டு வருவார்? இங்கே வெளியிலிருந்து வந்தவர் என்று அவர்கள் எண்ணி வைத்திருந்தது ஒரே ஒரு ஆளைத்தான், அவர் பிறந்த ஊரிலேயே.

அவள் எழும்பப் பார்த்தாள். மேசை தொடையில் இடித்தது. முன்னுக்கும் இடமில்லை, பின்னுக்கும் இடமில்லை. அரைகுறையாகக் குனிந்தபடியே நின்று சொன்னாள்.

"நான்தான் கொண்டு வந்தனான்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் இன்னொரு தரம், சத்தமாகச் சொன்னாள். மல்லாவியில் காலை தவளை பிடித்ததை, சேற்றுச் சப்பாத்தோடு வந்ததை, குளோரினில் கழுவ வேண்டும் என்று தெரிந்தும் குளத்துப் படியில் குந்தியிருந்து கழுவியதை, ஒன்றும் விடாமல் சொன்னாள். நிறஞ்சனா அவளது முழங்கையைத் தொட்டார்; அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

ஏரம்பு நெற்றியைச் சுருக்கினார். "மிஸ், உங்களுக்கு இளகின மனம். அந்தாளைக் காப்பாற்றவெண்டு சொல்லுறியள்."

கேளுங்கள் கூத்தை! உண்மையைச் சொல்லி மாட்டுப்பட வந்தவளை மாட்டுப்பட விட மாட்டோம் என்கிறது ஊர். கைப்பையைத் திறந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தை விரித்து, மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"என்ர கையெழுத்து. திகதியைப் பாருங்கோ அண்ணை. தவளை சாகத் தொடங்கினது அதுக்குப் பிறகு எத்தினை நாளெண்டு நீங்களே எண்ணுங்கோ. கொக்கு கொண்டு வந்ததோ, வேறு ஆரும் கொண்டு வந்தினமோ, எனக்குச் சத்தியமாத் தெரியாது. ஆனா நோய்க் குளத்துச் சேறோட நேர வந்து இந்தக் குளத்தில இறங்கினது நான். மீன்குஞ்சு ஒரு வருசமா இருக்கு, ஒரு தவளையும் சாகேல்லையே."

ஏரம்பு கண்ணாடி போட்டு வாசித்தார். விரல் மடித்து எண்ணினார். பதினாறு நாள். புத்தகத்தை மூடி அவள் பக்கமாகத் திருப்பித் தள்ளினார்.

"படிச்ச நீங்களே இப்பிடியெண்டால், நாங்கள் ஆரை நம்புறது? என்ர குளத்தில தவளைச் சத்தம் கேட்டு ஒரு மாதம் பிள்ளை. பொழுதுபட்டால் விசர் பிடிக்கிற மாதிரி அமைதியாக் கிடக்கு."

கிறேஸ் புத்தகத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

பெயர் வெட்டவில்லை. பக்கீருக்கு மற்றவர்களுக்குப் போலவே தண்ணீர் என்று எழுதிக்கொண்டார்கள். ஆய்வுகூடத்துக்காரர் இனி எந்தக் குளத்திலும் கால் வைக்கக் கூடாது, கிறேஸின் பெயர் போட்டு மேலிடத்துக்குக் கடிதம் போக வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். நிரந்தர நியமனம் இனிக் கனவில்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் யாரோ வந்து மேசையை இழுத்து அவளை வெளியே விட்டார்கள்.

பக்கீர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். கிறேஸ் கிட்டப் போனாள். அவர் நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்; மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்துக்கொண்டுதான் போனாள்.

"மிஸ், இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை நானா."

"இண்டைக்கு வியாழன்."

"ஓம்."

"நேற்று நான் உங்களுக்குப் போன் எடுத்தனான்."

"ஓம் நானா."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நேற்றுப் பின்னேரம் ஜொஹறா கிணத்தடிக்குப் போனவா," என்றார். "அவா வாறதைக் கண்டிட்டு அங்க நிண்ட சனம் வாளியையும் கயித்தையும் கழட்டி எடுத்துக்கொண்டு போயிட்டினம். நஞ்சு போடுற குடும்பமாம். அந்தக் கிணத்தில எங்களுக்குத் தண்ணி இல்லையாம். நீங்கள் நேற்று எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், நான் அதைப் போய் அங்க சொல்லியிருப்பன்."

சொல்லிவிட்டு அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். வான் நின்றதும் அந்த வீட்டுப் படலையடியில்தான். கிறேஸ் நாலு அடி பின்னால், வேறு வழியில்லாமல், அவர் போன பாதையிலேயே போனாள். மேடம் முன்கூட்டியே போய் வானுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். ரஜிதன் எஞ்சினைப் போட்டு வைத்திருந்தான். குளக்கட்டின் கீழ்ப் பாதையில் சேறு. கிறேஸின் செருப்பிலும் பாதத்திலும் அது அப்பிப் போயிருந்தது.

படலையடியில் ஜொஹறா நின்றா. கூட்டத்துக் கதை அவவிடம் அதற்குள் வந்து சேர்ந்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. தேத்தண்ணி என்றும் கேட்கவில்லை. குனிந்து, பின்னால் வைத்திருந்த வாளியை இரண்டு கையாலும் தூக்கி, படலைக்கு வெளியே, கிறேஸின் காலடியில் வைத்தா. விளிம்பு வரைக்கும் தண்ணீர். பக்கத்தில் சைக்கிள் சாத்தியிருந்தது, கரியரில் கான் இரண்டும் கட்டியபடி இருந்தன. சில்லு முழுவதும் சிவப்புப் புழுதி. அந்தப் பக்கத்தில் சிவப்பு மண் உள்ளது நெடுங்கேணிப் பள்ளிக்கூடத்துக் குழாய்க்கிணற்றுப் பாதையில்தான். போகவே நாலு மைல்.

கிறேஸுக்கு நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்துவிட்டது. பழக்கம் அப்படி. ஐயோ அக்கா என்று வாய் திறந்துவிட்டது.

"வேண்டாமெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ," என்றா ஜொஹறா. "அண்டைக்கும் இதைத்தான் கொண்டு வந்து வைச்சனான். மூண்டு தரம் சொன்னனான்."

வாளிக்குள் ஒரு சிரட்டை மிதந்தது. ஜொஹறா கையைக் கட்டிக்கொண்டு, போகாமல் நின்று பார்த்தா. கிறேஸ் குந்தினாள். சிரட்டையில் அள்ளி, செருப்பில் ஊற்றி, விரலிடுக்கில் ஊற்றி, நகத்தடியில் இருந்த சேறு வரைக்கும் கழுவினாள். கால் சுத்தமான பிறகும் வாளியில் பாதிக்கு மேல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஜொஹறா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அவள் திரும்பவும் அள்ளினாள்.